கொடியில காயற பேன்ட்டும் நாஞ்சிங் பாலமும்: வாசகர் கேள்வி-பதில்

சீனாவைக் காட்டற பயணப் படம், டாக்குமென்டரி, வ்லாக் எல்லாத்தையும் பாத்துட்டு மனசுல என்ன சந்தேகம் வருதோ எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள்ல பாதிப் பேருக்கு சீனா சொர்க்கம், மீதிப் பேருக்கு நரகம், ரெண்டு கட்சியும் ஆதாரமா அனுப்பினது யூடியூப் லிங்குதான். ஒரே மாதிரி வந்ததைச் சேத்து, நீளமானதைக் கொஞ்சம் வெட்டிப் போட்டிருக்கேன்.

கே: எந்தப் படத்தைப் போட்டாலும் சீனப் பெருஞ்சுவர் ஒரே மாதிரியே இருக்கு சார். அவ்வளவு நீளச் சுவர்ல கேமரா வெக்க வேற எடமே கிடைக்கலையா?

எடம் எக்கச்சக்கமா இருக்கு, போகத்தான் யாருக்கும் பொறுமை இல்ல. 2012ல சீன அரசோட பாரம்பரியச் சின்னங்கள் துறை அளந்து சொன்ன மொத்த நீளம் 21,196 கிலோமீட்டர், பல வம்சம் பல காலத்துல கட்டினது எல்லாம் சேத்து. அதுல மிங் வம்சத்துது மட்டும் சுமார் 8,850. படத்துல வர்றது எதுன்னு பாத்தா பெய்ஜிங்லேர்ந்து காலைல கிளம்பி சாயங்காலம் திரும்பிடலாம்ங்கிற தூரத்துல இருக்கிற படாலிங், முடியன்யூ, டைரக்டர் கொஞ்சம் ரசனைக்காரரா இருந்தா ஜின்ஷான்லிங், அவ்வளவுதான். படாலிங்கை நல்லா சீர் பண்ணி 1957ல திறந்து விட்டாங்க, அதுக்கப்புறம் வெளிநாட்டுத் தலைவர் யார் வந்தாலும் கூட்டிட்டுப் போற எடம் அதுதான். 1972 பிப்ரவரில நிக்சன் அங்க நடந்தது அமெரிக்க டிவில ஓடுச்சு, அன்னிலேர்ந்து சீனான்னாலே அந்த வளைவு அந்தக் காவல் கோபுரம்னு முத்திரை குத்தியாச்சு.

மேற்கால கான்சு மாகாணம் பக்கம் போனீங்கன்னா சுவர்ல செங்கல்லே இருக்காது, ஈர மண்ணைக் கொட்டி இடிச்சு இடிச்சு கெட்டிப்படுத்தின மண்சுவர், பல எடத்துல ஆள் ஒசரம் கூட மிச்சம் இல்லாம மழையில கரைஞ்சு காத்துல தேஞ்சு கெடக்கு. வடக்குல சில கிராமத்துல ஜனங்க சுவர்க் கல்லைப் பேத்துட்டுப் போய் வீடும் பன்னிக் கொட்டகையும் கட்டிக்கிட்டாங்க. மிங் காலத்துச் சுவர்ல கிட்டத்தட்ட 30 சதவீதம் காணாமலே போயிடுச்சுன்னு 2015ல சீனப் பத்திரிகையே எழுதுச்சு. என்னைக் கேட்டா ட்ரோன் ஷாட்டை விட இந்தக் கதைதான் சுவாரசியம், ஆனா கரைஞ்சு போன மண்மேட்டைக் காட்டினா டிக்கெட் வாங்கி எவன் வருவான்?

இன்னொண்ணு, படத்துல சுவர் காலியா இருக்கும், ஒத்தை ஆள் தாடியைத் தடவிக்கிட்டு தொலைவைப் பாத்து நடந்து போவாரு. படாலிங்ல ஒரு நாளைக்கு 65,000 பேருக்கு மேல விடறதில்லன்னு 2019 ஜூன்லேர்ந்து வரம்பு வெச்சிருக்காங்க, வரம்பே அவ்வளவுன்னா விடுமுறை நாள்ல அங்க என்ன நெரிசல் இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. அந்தக் கூட்டம்தான் சுவரோட இன்னைய நெசம், பெரும்பாலும் சீனாக்காரங்களேதான், தாத்தா பாட்டி பேரப்பிள்ளைன்னு குடும்பம் குடும்பமா. அவங்களை ஃப்ரேம்லேர்ந்து தள்ளிவிட்டாத்தான் படம் 'அழகா' வருதாம்.

கே: நிலாவுலேர்ந்து பெருஞ்சுவர் தெரியுமா?

தெரியாது. 2003ல சீனாவோட முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியைச் சுத்திட்டு வந்து, சுத்துப்பாதையிலேர்ந்தே சுவரு கண்ணுக்குத் தெரியலைன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறமும் படத்துக்குக் குரல் குடுக்கறவங்க விடற மாதிரி இல்ல.

கே: சீனாவுல அரசாங்கம் அனுமதிச்சாத்தானே படமே எடுக்க முடியும், அப்ப அந்தப் படத்துல உண்மைன்னு என்ன இருக்கப் போகுது?

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை இருக்கு, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

1972ல, மாவோ ஆரம்பிச்ச கலாசாரப் புரட்சி இன்னும் முடியல, இத்தாலி டைரக்டர் மிக்கெலாஞ்சலோ அந்தோனியோனியை சீன அரசாங்கமே கூப்பிட்டுச்சு. இத்தாலி அரசு டிவிக்காக அவரு டீமோட போய் பெய்ஜிங், ஹெனான்ல லின்ஷியன், சூஜோ, நாஞ்சிங், ஷாங்காய்னு எடுத்தாரு, எங்க போகணும் எதைப் பாக்கணும்னு எல்லாம் அவங்க போட்ட திட்டம்தான், கூடவே ஆளும் வருவாங்க. வந்த படம் மூணு பாகம், மூணரை மணி நேரத்துக்குப் பக்கம் ஓடும். அதுல அவரு செஞ்சது ரொம்ப எளிமையான காரியம், அவங்க காட்டின எடத்துக்கே போனாரு, ஆனா அவங்க கையைக் காட்டின பக்கம் மட்டும் பாக்கல. தியானன்மென் சதுக்கத்துல நின்னுக்கிட்டு சதுக்கத்தோட பிரம்மாண்டத்தை எடுக்காம, போட்டோ எடுத்துக்க நிக்கிற ஜனங்க மொகத்தைக் கிட்டப் போய் எடுத்தாரு. லின்ஷியன்ல மலையைக் கொடைஞ்சு வெட்டின செங்கொடிக் கால்வாய்தான் அரசாங்கத்துக்குப் பெருமை, அவரு அதை லேசா தொட்டுட்டு, திட்டத்துலயே இல்லாத ஒரு மலைக் கிராமத்துக்குள்ள போயிட்டாரு, அங்க வெளிநாட்டுக்காரனையே பாத்திராத ஜனங்க கதவோரமா நின்னு வெறிச்சுப் பாக்கறாங்க, சில பேரு ஒதுங்கி ஒளியறாங்க, கேமராவும் அப்பிடியே அவங்களைப் பாத்துக்கிட்டு நிக்குது. யார் யாரை வேடிக்கை பாக்கறாங்கன்னே தெரியாது, பயணப் படம்னு எடுத்ததுலயே அந்த மாதிரி நேர்மையான காட்சி ரொம்பக் கொறைச்சல்னு நெனைக்கிறேன்.

1974 ஜனவரி 30ஆம் தேதி கட்சிப் பத்திரிகை மக்கள் நாளிதழ்ல அவரை வறுத்து எடுத்துட்டாங்க. குற்றச்சாட்டு என்னன்னு கேட்டா அசந்துருவீங்க. நாஞ்சிங்ல யாங்சி ஆத்து மேல 1968ல கட்டின பாலம், ரஷ்யாக்காரன் ஒதவி இல்லாம நாங்களே கட்டினதுன்னு அவங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பாலத்தை வேணும்னே மோசமான கோணத்துல எடுத்து கோணலா ஆடற மாதிரி காட்டிட்டாராம், அதோட விட்டாரா, பாலத்துக்குக் கீழ கொடியில காயற பேன்ட்டை வேற காட்டி அவமானப்படுத்திட்டாராம்! சதுக்கத்தை முழுசா காட்டாம தலைகளைக் காட்டினது குத்தம், பின்னணியில புரட்சி ஆபரா பாட்டு ஓடறப்ப பன்னி தலையை ஆட்டறது குத்தம். நாடு முழுக்க கண்டனக் கூட்டம், அதுல பேசின முக்காவாசிப் பேரு படத்தையே பாக்கல, பாக்க வழியும் கிடையாது. உள்ளுக்குள்ள இது படத்து மேல கோவமே இல்ல, அவரை வரவழைச்ச பிரதமர் சூ என்லாய் தரப்பை அடிக்கறதுக்கு எதிர் கோஷ்டிக்குக் கிடைச்ச கட்டைன்னு சொல்றவங்களும் உண்டு. பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில அந்தப் படத்தை வெளிப்படையா போட்டது 2004ல.

ஆக, அனுமதி வாங்கி எடுத்ததெல்லாம் பொய்ன்னும் சொல்ல முடியாது, திருட்டுத்தனமா எடுத்ததெல்லாம் உண்மைன்னும் சொல்ல முடியாது. அரசாங்கம் காட்டின எடத்துலயே ஒருத்தர் துணி காயறதைப் பாத்தாரு, அவ்வளவுதான், அதுக்கே அந்த ஆட்டம். இப்ப எடுக்கறவங்க பாலத்தை மட்டும் பாக்கறாங்க. குவெய்ஜோவுல 2025 செப்டம்பர்ல திறந்த ஹுவாஜியாங் பாலம் ஆத்துலேர்ந்து 625 மீட்டர் ஒசரம், உலகத்துலயே ஒசரமான பாலம், எல்லா வ்லாகுலயும் மேகத்துக்கு நடுவுல மெதக்குது. அதே மாகாணம் சீனாவுலயே ஏழ்மையான பட்டியல்ல ரொம்ப நாள் இருந்தது, கடன் சுமை கழுத்து வரைக்கும் இருக்கிறது, பாலத்துக்குக் கீழ இருக்கிற ஊர்ல யாரு இருக்காங்க எளவட்டம் எல்லாம் எங்க வேலைக்குப் போயிட்டாங்க, இதையெல்லாம் கேக்க யாரும் எறங்கிப் போறதில்ல. பாலம் நெசமாவே பிரமாதம், அதை மறுக்கல.

கே: சுடுமண் வீரர்கள் படத்துல பாத்தா ஆயிரக்கணக்குல வரிசையா நிக்கறாங்களே, அப்பிடியேவா தோண்டி எடுத்தாங்க?

இல்லைங்க. 1974 மார்ச்ல சியான் பக்கத்துல வறட்சிக்குக் கெணறு வெட்டின விவசாயிங்க கையிலதான் மொதல்ல துண்டுதுண்டா கெடைச்சுது. மேல போட்டிருந்த மரக்கூரை எரிஞ்சும் இத்தும் விழுந்து கிட்டத்தட்ட எல்லாமே ஒடைஞ்ச நெலமையில, நீங்க பாக்கற ஒவ்வொரு வீரனும் வருசக்கணக்கா ஒட்ட வெச்சு நிறுத்தினது. முதல் குழியோட பின்பக்கம் போனா பாதி ஒட்டின ஒடம்பு, பக்கத்துல தலை, நம்பர் போட்ட துண்டுங்கன்னு இன்னும் வேலை நடக்கும், நல்ல படமா இருந்தா கேமரா அங்க ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கும். அப்புறம் அந்த மண் கலர் அவங்க கலரே இல்ல, சிவப்பு, பச்சை, ஊதான்னு பூசியிருந்துச்சு, வெளிக்காத்து பட்டதும் அடியில இருந்த அரக்குப் பூச்சு சுருண்டு சில நிமிஷத்துலயே உதிர்ந்துருச்சு. இந்த வீரர்களை யாருக்குக் காவலா பொதைச்சாங்களோ, அந்த முதல் பேரரசரோட சமாதி மேடு பக்கத்துலயே இருக்கு, அதை இன்னும் தோண்டாம வெச்சிருக்கறதுக்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

கே: சீனாக்காரங்க தேள், பூச்சி எல்லாம் குச்சியில குத்தி சாப்பிடறதைக் காட்டாத படமே இல்ல. நெசமாவா?

அந்தக் காட்சி பாதிக்கு மேல எடுத்தது பெய்ஜிங்ல வாங்ஃபூஜிங் தெருவை ஒட்டி இருந்த இரவுச் சந்தையில. அங்க தேள் குச்சியை வாங்கினது யாருன்னு பாத்தா டூரிஸ்டுங்கதான், வெளிநாட்டுக்காரங்க பாதி, வெளியூர்லேர்ந்து தலைநகரைப் பாக்க வந்த சீனாக்காரங்க பாதி, பெய்ஜிங்காரங்க அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டாங்க. அந்த தோங்ஹுவாமென் சந்தையையும் 2016 ஜூன்ல மூடிட்டாங்க, ஆனா தேள் இன்னும் படத்துல வாலை ஆட்டிக்கிட்டு இருக்கு. யுன்னான் மாதிரி சில பகுதியில பூச்சி சாப்பிடற பழக்கம் இருக்கு, அது அந்த ஊர்ச் சாப்பாடு, அதை மட்டும் வெச்சு 140 கோடிப் பேரையும் பூச்சி தின்னின்னு சொன்னா எப்பிடி? காலைல வடக்குல பாதிப் பேரு சோயாப்பாலும் எண்ணெயில பொரிச்ச நீட்டு மாவுக்குச்சியும் வாங்கிட்டு ஓடுவாங்க, அதை எடுத்தா 'அய்யய்யோ'ன்னு கத்த முடியாதே, தம்ப்நெயில்ல வாயைப் பொளக்க முடியாதே.

கே: திபெத், சின்ஜியாங் பத்தின பயணப் படங்கள் ஏன் இப்பிடி ரெண்டு எதிர் துருவமா இருக்கு?

ரெண்டுக்கும் தனித்தனியா சொல்லணும். திபெத்துக்கு வெளிநாட்டுக்காரன் சீன விசாவோட மட்டும் போக முடியாது, தனி அனுமதிச் சீட்டு வேணும், அங்கீகாரம் உள்ள டிராவல்ஸ் கம்பெனி மூலமா கைடோடதான் போகணும், பத்திரிகைக்காரங்களுக்கு அதை விடக் கெடுபிடி. 2006 ஜூலை 1ல ஓட ஆரம்பிச்ச சிங்ஹாய்-திபெத் ரயில் 5,000 மீட்டருக்கு மேல ஏறிப் போகுது, அதனால ரயில் காட்சி கட்டாயம் இருக்கும், சீனப் படம்னா அது முன்னேற்றத்தோட அடையாளம், மேற்கத்திய படம்னா அது ஆக்கிரமிப்போட அடையாளம், உள்ள ஒக்காந்துட்டு போறவங்க எதுக்குப் போறாங்கன்னு ரெண்டு பேருமே கேக்க மாட்டாங்க.

லாசாவுல போதலா அரண்மனைக்கு எதிர்ல பெரிய சதுக்கம், அதுல 'அமைதியான விடுதலை'ன்னு (திபெத்தை சீனா தன்னோட சேத்துக்கிட்டதுக்கு சீனா வெச்ச பேரு) ஒரு கான்கிரீட் நினைவுத்தூண், கூடவே கொடிக்கம்பம். இப்ப நீங்க பாத்த திபெத் படங்களை ஞாபகப்படுத்திப் பாருங்க, அந்தத் தூணைப் பாத்திருக்கீங்களா? கேமராவைக் கொஞ்சம் ஏத்தி, கீழே இருக்கிறதை வெட்டி, வெள்ளைச் சுவரும் நீல வானமும் மட்டும் வர்ற மாதிரி வெச்சுருவாங்க. 'காலம் உறைந்த புனித பூமி'ன்னு சொல்ல ஆசைப்படற வெளிநாட்டு டைரக்டரும் அரசியலை வெட்டிடறாரு, தலாய் லாமா பேரையே எடுக்காத உள்ளூர்ப் படமும் வெட்டிடுது, வழி வேற வேற, ஃப்ரேம் மட்டும் ஒண்ணு!

சின்ஜியாங்கை அந்த மாதிரி சிரிச்சுட்டுப் போக முடியாது. உய்குர் முஸ்லிம்களைப் பெரிய எண்ணிக்கையில முகாம்கள்ல அடைச்சது பத்தி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31ல அறிக்கை விட்டுச்சு, மனிதகுலத்துக்கு எதிரான குற்றமா இருக்கலாம்னு அதுல இருக்கு, சீனா அதை மறுக்குது, தொழில் பயிற்சி மையம்னு சொல்லுது. இந்தப் பின்னணியில ஒரு வ்லாகர் அங்க இருக்கிற காஷ்கர் நகரத்துக்குப் போய் கபாப் சாப்பிட்டு, கூட நாலு பேரு டான்ஸ் ஆடறதைக் காட்டி, 'பாருங்க எல்லாரும் சந்தோசமாத்தான் இருக்காங்க'ன்னு முடிக்கறாரு. அவரு கண்ணுக்குப் பட்டது அதுதான், சரி. மொழி தெரியாம, ரெண்டு நாள் தங்கி, கேமராவை நீட்டிக்கிட்டே ஒருத்தர்கிட்ட 'ஒங்களுக்கு ஏதாவது கஷ்டமா'ன்னு கேட்டா என்ன பதில் வரும்? கபாப் கடைக்காரர் சிரிச்சா அது கபாப் கடைக்காரர் சிரிச்சதுக்கு ஆதாரம், முகாம் இல்லைங்கிறதுக்கு ஆதாரம் இல்ல.

காஷ்கர் பழைய ஊரைப் பத்தியும் ஒரு சங்கதி. 1970கள் காபூலைக் காட்டணும்னு ஒரு ஹாலிவுட் படத்துக்கு எடம் தேடி, காஷ்கர்லதான் எடுத்தாங்க, அது 2007ல வந்துச்சு, அவ்வளவு பழமை மாறாம இருந்த எடம். 2009லேர்ந்து பூகம்பப் பாதுகாப்புன்னு காரணம் சொல்லி பெரும்பகுதியை இடிச்சுத் திரும்பக் கட்டினாங்க. இப்ப வ்லாகுல 'ஆயிரம் வருசப் பழைய நகரம்'னு காட்டறது பெரும்பாலும் அந்தப் புதுசு.

கே: சிறுபான்மை இனத்து ஜனங்களைக் காட்டினாலே ஏன் ஆடிக்கிட்டே இருக்காங்க?

நல்லாப் பாத்திருக்கீங்க! சீனாவுல அரசு அங்கீகரிச்ச இனம் 56, அதுல பெரும்பான்மை ஹான், மீதி 55. சீன டிவியும் சுற்றுலா விளம்பரமும் இந்த 55ஐக் காட்டறப்ப கலர் உடுப்பு, வெள்ளிக் கிரீடம், ஆட்டம், பாட்டு, வாசல்லயே சாராயம் ஊத்திக் குடுத்து வரவேற்பு. குவெய்ஜோவுல சிஜியாங் மியாவ் கிராமத்துல இதுக்குன்னே நேரம் போட்டு ஷோ நடக்குது, லூகு ஏரிக்கரையில தாய்வழிக் குடும்பமா வாழற மோசுவோ இனத்துப் பெண்களை 'பெண்கள் ராஜ்யம்'னு வித்தே ஊரு வேற ஊரா ஆயிடுச்சு. வெள்ளைக்காரன் படம் எடுத்து எங்களை விசித்திரப் பிராணியா காட்டறான்னு பெய்ஜிங்ல கோவப்படறவங்களே, தங்கள் நாட்டு ஓரத்துல இருக்கறவங்களை அதே கண்ணால பாக்கறாங்க. அந்த ஷோவுல ஆடற பொண்ணுக்கு சம்பளம் எவ்வளவு, ஆட்டம் முடிஞ்சதும் கிரீடத்தைக் கழட்டிட்டு எந்த உடுப்புல வீட்டுக்குப் போறான்னு காட்டினா அது பயணப் படம்.

கே: படம் பாத்துட்டு 'ஷாங்ரி-லா' போகணும்னு ஆசை. அது உண்மையான ஊரா?

2001லேர்ந்து உண்மையான ஊரு! 1933ல வந்த ஒரு ஆங்கில நாவல்ல வந்த கற்பனை ஊர்ப்பேரு அது, யுன்னான்ல ஜோங்தியன்னு ஒரு ஊரு, சுற்றுலாவுக்காக அந்தப் பேரை அதிகாரபூர்வமா தனக்கு வெச்சுக்கிச்சு. 2014 ஜனவரில பழைய ஊர்ப்பகுதி தீயில பெரும்பாலும் போயி திரும்பக் கட்டினாங்க. ஹுனான்ல ஜாங்ஜியாஜியே மலையும் இதே கதை, நீல மனுசங்க வர்ற 'அவதார்' படம் ஓடு ஓடுன்னு ஓடினதும் 2010 ஜனவரில அங்க ஒரு கல்தூண் மலைக்கு அந்தப் படத்துப் பேரையே சூட்டிட்டாங்க. ஒரு ஊரு படத்துக்கு லொகேஷனா போனது போக, படத்தைப் பாத்து ஊரு வேஷம் போட ஆரம்பிச்சது இங்கதான். தாதோங் நகரத்துல மேயரா இருந்த கெங் யான்போ ஆயிரக்கணக்கான வீடுகளை இடிச்சு 'பழைய' கோட்டைச் சுவரைப் புதுசா எழுப்பினாரு, அதுல வீடு போனவங்க கதையும் சீன டைரக்டர் எடுத்த டாக்குமென்டரியாவே இருக்கு. போங்க, மலை அழகுக்குப் பஞ்சமில்ல, பேரை மட்டும் நம்பிடாதீங்க.

கே: பிபிசி மாதிரி சேனல்ல சீனா எப்பவும் மங்கலா சாம்பலா இருக்கு, வ்லாக்ல நியானா ஜொலிக்குது. எது நெசக் கலரு?

ரெண்டுமே எடிட்டிங் டேபிள்ல ஊத்தின கலரு. சீன இணையத்துல இதுக்கு 'பாதாளலோக ஃபில்டர்'னே கிண்டல் பேரு உண்டு, 2021ல வூகான் பத்தின பிபிசி வீடியோ வந்தப்ப கொந்தளிச்சாங்க. அது நியாயமான கிண்டல்தான், ஆனா சோங்சிங் வ்லாகை எடுத்துக்குங்க, ராத்திரி மட்டும்தான் அந்த ஊர்ல பொழுதே இருக்கும் போல! லிசிபா ஸ்டேஷன்ல 19 மாடிக் கட்டடத்துக்குள்ள மோனோரயில் பூந்து வர்றதை, கீழ மேடையில நின்னு வாயைத் திறந்து ரயிலை முழுங்கற மாதிரி போட்டோ எடுக்கறது, ஹோங்யாதோங்ங்கிற அடுக்கடுக்கான கட்டடத்தோட வெளிச்சம், அவ்வளவுதான் சோங்சிங். அந்த ஊரு மூட்டம் போட்ட ஊரு, பகல்ல பாதி நாள் சாம்பலாத்தான் இருக்கும். மூங்கில் கழியைத் தோள்ல வெச்சு படிக்கட்டுல சுமை தூக்கற ஆளுங்க ஒரு காலத்துல லட்சக்கணக்குல இருந்தாங்க, இப்ப வயசான சிலர்தான் மிச்சம். சாம்பல் ஃபில்டர் போட்டவரும் அவங்களைக் கேக்கல, நியான் ஃபில்டர் போட்டவரும் கேக்கல.

கே: இந்த வ்லாகருங்க எல்லாம் காசு வாங்கிட்டுப் புகழறாங்களா?

எல்லாரும்னு சொன்னா அநியாயம். சில பயணங்களை சீன அரசு ஊடகங்களும் உள்ளூர் நிர்வாகங்களும் ஏற்பாடு பண்ணி செலவு குடுக்கறது 2021லயே நியூயார்க் டைம்ஸ்ல விரிவா வந்துச்சு. ஆனா 2023 டிசம்பர்லேர்ந்து பல நாட்டுக்காரங்களுக்கு விசாவே வேண்டாம்னு திறந்து விட்டாங்க, 2024 டிசம்பர்ல இடைவழியா போறவங்க 240 மணி நேரம் தங்கலாம்னு ஆக்கினாங்க, அதுல தானா போய் தானா அசந்து போனவங்கதான் நெறைய. அதிவேக ரயில்ல போறது, ராத்திரி ரெண்டு மணிக்குப் பொம்பளைங்க தனியா நடக்கறது, இதெல்லாம் நெசமாவே அசத்தற விஷயம், காசு வாங்கித்தான் சொல்லணும்னு இல்ல. வேடிக்கை என்னன்னா 'சீனாவைப் பத்தி ஒங்களுக்குப் பொய் சொல்றாங்க'ன்னு யூடியூப்ல போடறாங்களே, அந்த யூடியூப் சீனாவுல 2009லேர்ந்து முடக்கம், முடக்கத்தைத் தாண்டற விபிஎன் இல்லாம அங்க ஒருத்தரும் பாக்க முடியாது.

தியானன்மென்லயும் இதே கணக்குதான். சதுக்கத்துக்குள்ள போகவே முன்கூட்டி பதிவு பண்ணி பாஸ்போர்ட் காட்டணும், போலீஸ் பரிசோதனை தாண்டணும், வ்லாகர் அந்த வரிசையைக் காட்டுவாரு, எதுக்கு இவ்வளவு கெடுபிடின்னு மட்டும் சொல்ல மாட்டாரு. 1989 ஜூன்ல அங்க நடந்த மாணவர் போராட்டத்தை ராணுவம் சுட்டு அடக்கினதை ஒரு வார்த்தை சொன்னா அந்த வரிசை புரிஞ்சிடும். மேற்கத்திய படமோ நேர் எதிர், சதுக்கம் வந்தாலே டாங்கிக்கு முன்னாடி நின்ன ஆளோட பழைய படத்தைப் போட்டுட்டு, இன்னைக்கு அங்க ஊர்லேர்ந்து வந்து கொடியேத்தம் பாக்க விடியக்காலைலயே நிக்கற குடும்பம் எதையும் கண்ணுல காட்டாம அடுத்த காட்சிக்குப் போயிடும்.

கே: சீனாவுல தமிழ்க் கல்வெட்டு இருக்குன்னு சொல்றாங்களே, எந்தப் படத்துலயாவது வந்திருக்கா?

இருக்கு. ஃபூஜியன்ல சுவான்ஜோ துறைமுக நகரம், அங்க கெடைச்ச கல்வெட்டுல தமிழ் இருக்கு, கீழ சீன எழுத்தும் இருக்கு, சக வருசம் 1203, அதாவது 1281, சித்திரை மாசம். சம்பந்தப் பெருமாள்னு ஒருத்தர் அப்ப சீனாவை ஆண்ட மங்கோலியக் கானோட நலத்துக்காக சிவனைப் பிரதிஷ்டை பண்ணினதைச் சொல்லுது. அதே ஊர்ல கையுவான் புத்த கோயில் பின்பக்கத் தூண்ல கிருஷ்ணர், நரசிம்மர் சிற்பம் எல்லாம் இருக்கு, பக்கத்துல செதியன்னு ஒரு கிராமத்துல நம்ம பாணி அம்மன் செலையை, அங்கத்து புத்த சமயக் கருணைத் தெய்வமான குவான்யின்னு கும்பிட்டுக்கிட்டு இருக்காங்க. 2021ல ஊரே யுனெஸ்கோ பட்டியல்ல வந்தும் பெரிய பயணப் படங்கள்ல இது அதிகம் வர்றதில்ல. காரணம் எனக்குத் தெரிஞ்சு, 'பட்டுப் பாதை'ன்னா ஒட்டகம், மணல்மேடுன்னு ஆகிப்போனது. 1980ல ஜப்பானோட என்எச்கே சீன டிவியோட சேந்து எடுத்த தொடர், கித்தாரோ இசையோட வந்துச்சே, அது சியான்லேர்ந்து மேற்கால பாலைவனத்துக்குப் போச்சு, ரெண்டு நாட்டுக்கும் 1978ல சமாதான ஒப்பந்தம் போட்ட சூட்டுல எடுத்தது. அருமையான தொடர், சந்தேகமே இல்ல. ஆனா அப்புறம் வந்தவங்க எல்லாரும் அந்த ஒட்டகத்துக்குப் பின்னாடியே போயிட்டாங்க, கப்பல்ல வந்த வியாபாரியைத் தேடி யாரும் போகல.

கே: ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னா எதைப் பாக்கச் சொல்வீங்க?

அந்தோனியோனி படத்தைத் தவிர ஒண்ணுன்னா, கனடா டைரக்டர் யுங் சாங் 2007ல எடுத்த 'அப் தி யாங்சி'. மூணு பள்ளத்தாக்கு அணை கட்டி தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு, பத்து லட்சத்துக்கு மேல ஜனங்க எடம் பெயர்றாங்க, அதே ஆத்துல 'முழுகறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க'ன்னு வெளிநாட்டு டூரிஸ்டுங்களை ஏத்திக்கிட்டு சொகுசுக் கப்பல் போகுது. கரையோரக் குடிசையிலேர்ந்து ஒரு பொண்ணு அந்தக் கப்பல்ல பாத்திரம் கழுவ வேலைக்குச் சேருது. டூரிஸ்டுங்ககிட்ட அரசியல் பேசாதேன்னு கப்பல்ல பாடம் எடுக்கறாங்க. தண்ணி ஏற ஏற அவ அப்பா அலமாரியை முதுகுல கட்டித் தூக்கிக்கிட்டு கரை மேல ஏறறாரு. மேல்தட்டுல கேமராவோட நிக்கறவங்களும் கீழ பாத்திரம் கழுவறவளும் ஒரே படத்துல இருக்காங்க, அந்த ஒரு காரணத்துக்காகவே பாக்கலாம்.

கே: என் பையன் சீனா போய் வ்லாக் போடறேன்னு குதிக்கிறான். என்ன சொல்லி அனுப்பலாம்?

ட்ரோனை வீட்லயே வெச்சிட்டுப் போகச் சொல்லுங்க, 2024 ஜனவரிலேர்ந்து விதி கடுமை, பதிவு வேணும், பெய்ஜிங்ல அனுமதி இல்லாமப் பறக்க விடவே முடியாது. போலீஸ், ராணுவம், பாலத்துக் காவல், செக்போஸ்ட் எதையும் எடுக்க வேண்டாம், 2023 ஜூலைல உளவுத் தடுப்புச் சட்டத்தையும் அகலமாக்கிட்டாங்க. யார்கிட்டயாவது கேமரா முன்னாடி அரசியல் கேட்டா அவன் விமானம் ஏறிடுவான், பதில் சொன்னவருதான் மாட்டுவாரு, அதைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்க. மத்தபடி காலைல ஆறு மணிக்கு பெய்ஜிங் தியான்தான் பூங்காவுக்குப் போகட்டும், ரிட்டயர் ஆனவங்க சீட்டு ஆடுவாங்க, இறகுப் பந்தைக் காலால தட்டுவாங்க, பாட்டுப் போட்டு ஜோடியா ஆடுவாங்க. சனி ஞாயிறுல ஷாங்காய் மக்கள் பூங்காவுல அப்பா அம்மாமாருங்க விரிச்ச குடை மேல பிள்ளையோட வயசு, ஒசரம், சம்பளம் எழுதின தாளை ஒட்டி வரன் தேடுவாங்க, அங்க மொகத்தைக் காட்டலாமான்னு முதல்ல கேட்டுட்டு எடுக்கட்டும். ரெண்டு மாசம் சீன மொழி கத்துக்கிட்டுப் போனா இன்னும் நல்லது, மொழிபெயர்ப்பு ஆப்பை வெச்சு யாரும் மகளோட கல்யாணத்தைப் பத்தி மனசு விட்டுப் பேச மாட்டாங்க.